ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை

கிணத்துக்கடவில் பேக்கரி வைத்திருக்கும் திருமூர்த்தி எழுதியது புகார் கடிதம்தான். ஆனால் அதில் புகார் என்ற வார்த்தையே இல்லை.

"ஐயா, வணக்கம். என் மனைவி சாரதாமணி நலமாக இருக்கிறார். உங்கள் கருவி இல்லாவிட்டால் காலையில் நான் சொன்னது மதியம் அவருக்கு நினைவிருக்காது. ஆனால் மூன்று வருடத்தில் அவருக்கு ஒரே ஒரு செவ்வாய்க்கிழமைதான் ஞாபகம் இருக்கிறது. செவ்வாய் எங்கள் கடைக்கு விடுமுறை. வாராவாரம் ஸ்கூட்டரில் ஆழியாறு போய் மீன் சாப்பிட்டு வருவோம். நூற்று நாற்பது தடவை போயிருக்கிறோம். அவர் ஒரு தடவைதான் போனோம் என்கிறார். மீதி நூற்று முப்பத்தொன்பதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று தெரிவிக்கவும்."

கோயம்புத்தூர் சரவணம்பட்டி அலுவலகத்தில் காலை டீயோடு இதைப் படித்த தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு முறை படித்தாள். இந்த முறை சிரிப்பு வரவில்லை. அந்த நூற்று முப்பத்தொன்பது செவ்வாய்க்கிழமைகளும் எங்கே போயின என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுடைய கம்பெனி செய்வது துணைநினைவு என்ற கருவி. துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சில்லு, காதுக்குப் பின்னால் எலும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கும். மூளைக்காய்ச்சலோ விபத்தோ வந்து, புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போனவர்களுக்கு அதுதான் நினைவு. நாலாயிரம் பேர் அதைப் பொருத்தியிருந்தார்கள். அந்தச் சில்லில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் நிரலுக்குக் கர்னல் என்று பெயர். எந்த நினைவுக்கு எந்த இடம், எது முன்னால், எது பின்னால் என்று பங்கு போடுவது அதன் வேலை. கர்னலில் ஆயிரத்து எழுநூறு ஸ்விட்சுகள். எதைப் போட்டு வைப்பது, எதை அணைத்து வைப்பது என்று பார்த்துக்கொள்வது ஒன்பது வருடமாகத் தமயந்தியின் வேலை. கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் அந்த ஸ்விட்சுகள் தனித்தனி ஆட்கள் இல்லை, பெரிய கூட்டுக் குடும்பம். ஒன்றைத் தொட்டால் நாலு பேர் கோபித்துக்கொள்வார்கள். ஒன்றை அணைக்கப் போனால், "நான் இருக்கும்வரை அதை அணைக்க முடியாது" என்று எங்கிருந்தோ இன்னொன்று வந்து நிற்கும்.

அவற்றில் ஒன்றுக்கு ஒன்றாக்கல் என்று பெயர். இரண்டு நினைவுகள் நூற்றில் எண்பது பங்கு ஒத்துப்போனால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். இடம் மிச்சம்.

பதில் கடிதம் எழுத உட்கார்ந்த தமயந்தி, மூன்று வரி எழுதி அழித்துவிட்டு, கிணத்துக்கடவு வழியாகப் போகும் பொள்ளாச்சி பஸ் ஏறினாள்.

பேக்கரி கல்லாவுக்குப் பின்னால் இருந்த திருமூர்த்தி ஐம்பது வயதுக்காரர். ஒல்லியாக, மாவு படிந்த மீசையோடு இருந்தார். யார் என்று தெரிந்ததும் ஒரு தட்டில் தேங்காய் பன்னும் பப்ஸும் வைத்து, "மொதல்ல சாப்பிடுங்க அம்மிணி. அப்புறம் கணக்குச் சொல்லுங்க" என்றார்.

தமயந்தி பன்னைக் காட்டியே சொன்னாள். "இதே மாதிரி உங்ககிட்ட நூறு பன் இருக்கு. வைக்க இடமில்லை. அதனால ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு, 'இது மாதிரி நூறு'ன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டிடறோம். அந்த மாதிரிதான் சார்."

திருமூர்த்தி பன்னைத் திருப்பிப் பார்த்தார். "சீட்டைத் திங்க முடியாதுங்களே."

தமயந்தி தட்டைத் தள்ளி வைத்தாள். "விட்டுப்போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது சார். அதை நான் உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். முகம் ஒரு கணம் வாடி, திரும்பச் சரியாயிற்று. "சரி, வாங்க. அவங்களைப் பாருங்க. ஸ்கூல் கிரவுண்டுல இருப்பாங்க இப்ப."

சாரதாமணி அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பகுதிநேர பி.டி. டீச்சர்; செவ்வாய்க்கிழமை காலைப் பயிற்சி முடிந்ததும் அவருக்கு ஓய்வு. நாற்பத்தேழு வயது. சேலைக்கு மேல் சட்டை, கழுத்தில் விசில், காலில் ஷூ. மைதானத்தில் எட்டுப் பெண்கள் ஒருவர் மாறி ஒருவர் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக் குந்தியிருக்க, கோ-கோ பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சின்ன உருவமாக ஒரு பெண், எட்டாம் வகுப்பு, ஓடி வந்து கம்பத்தை ஒரு கையால் பிடித்துச் சுழன்று, தரையோடு பாய்ந்து, தப்பி ஓடியவளின் குதிகாலைத் தொட்டாள்.

"அடி கண்ணு!" சாரதாமணி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் துள்ளினார். "பவதாரணி! இன்னைக்கு எங்கிருந்து கத்துக்கிட்டு வந்தே இந்த டைவ்?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். "மிஸ், அவ ரெண்டு மாசமா அடிக்கறா மிஸ்!"

சாரதாமணியும் சேர்ந்து சிரித்தார். பிறகு மரத்தடிக்கு வந்து உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பு குறைந்தது.

"பாத்தீங்களா? எனக்குத் தெனமும் இதே ஆச்சரியம்தானுங்க. ஜாலியாத்தான் இருக்குது. ஆனா ஒருத்தி எப்படி வளர்றாள்னு தெரியாதவ எப்படிங்க கோச்சா இருக்க முடியும்? அவ நேத்து ஒரு அடி, இன்னைக்கு ஒண்ணே கால் அடி. அந்தக் கால் அடிதான் எனக்குச் சோறு. அதைத்தான் உங்க மிசினு ஒண்ணு போலவே இருக்குதுன்னு தூக்கிப் போட்டுடுது."

"எழுதி வச்சுப் பார்த்தீங்களா மேடம்?"

"நோட்டு நெறைய எழுதியிருக்கறேன். கையெழுத்து என்னோடதுதான். படிச்சா வேற யாரோ சொல்லிக் கேக்கற மாதிரி இருக்குதுங்க." விசிலின் கயிற்றை விரலில் சுற்றினார். "அடுத்த மாசம் மாவட்டப் போட்டி. இந்த வருசத்தோட பாக்கலாம், சரிப்படலைன்னா டீமை வேற டீச்சர்கிட்டக் குடுத்துருவோம்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க. அவங்க மேல தப்பே இல்லீங்க. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

பிறகு அவரே சொன்னார். "ஒண்ணு சொல்லட்டுங்களா? ஆஸ்பத்திரில எனக்கு முந்நூறு ஊசி போட்டாங்களாம். எனக்கு ஒரு ஊசிதான் ஞாபகம். அதுக்கு உங்க மிசினுக்கு ஒரு கும்பிடு."

திரும்பும் பஸ்ஸில் அந்த வாக்கியம் தமயந்தியோடு கூடவே வந்தது.

மறுநாள் காலை அலுவலகத்தில் அவள் ஒன்றாக்கல் ஸ்விட்சை அணைக்கப் பார்த்தாள். அது அசையவில்லை. யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடினாள். நாற்பதாண்டு உறுதி என்ற இன்னொரு ஸ்விட்ச். கருவி நாற்பது வருடம் நிரம்பாமல் ஓடும் என்று அரசிடம் வாக்குக் கொடுத்துத்தான் அனுமதி வாங்கியிருந்தார்கள். அந்த வாக்கு இருக்கும்வரை ஒன்றாக்கலை அணைக்க முடியாது.

பிரிவுத் தலைவர் ஆரோக்கியதாஸின் அறைக்குப் போனாள். திண்டுக்கல்காரர், அமைதியான மனிதர். துணைநினைவின் முதல் கர்னலை எழுதிய நாலு பேரில் ஒருவர்.

"அணைச்சா பதினோரு வருசத்துல ரொம்பிடும்மா," என்றார். "அப்புறம் பழசைத் தூக்கி வெளியே போட ஆரம்பிக்கும். அந்தம்மாவுக்கு அம்பத்தெட்டு வயசாகறப்போ நாற்பத்தேழு வயசு மறந்து போகும். அது பரவால்லையா?"

"முழுசா அணைக்க வேண்டாம் சார். எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாதுன்னு கர்னல் கேட்டுக்கிட்டா போதும். இப்ப அது யாரையும் கேக்கறதே இல்லையே."

ஆரோக்கியதாஸ் நாற்காலியைத் திருப்பினார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "கேக்கற மாதிரி ஒண்ணு இருக்கு," என்றார்.

"மெனுவுல நான் பார்த்ததே இல்லையே!"

"சாதாரணமாப் பார்த்தா தெரியாது. நிபுணர்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும் பாரு. அதைப் போட்டாத்தான் கண்ணுக்கே படும்."

ஒன்பது வருடம் அந்த மெனுவோடு குடியிருந்த தமயந்தி ஓடிப்போய் நிபுணர் என்பதைப் போட்டாள். பட்டியல் நீண்டது. புதிதாகப் பதினேழு வரிகள் வெளியே வந்தன. ஒன்பதாவது வரியில் இருந்தது ஆலோசனை. கருவியை அணிந்திருப்பவர் கர்னலுக்குச் சொல்லலாம்: இதையும் அதையும் ஒன்றாக்கு, இதை அப்படியே விட்டுவிடு. பக்கத்தில் முதல் குழுவின் குறிப்பு: நோயாளிக்குத் தேவைப்படாது.

குறிப்பை அச்செடுத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது ஆரோக்கியதாஸ் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

"நான்தான் எழுதினேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தன்கிட்டப் போய் நாம கேப்போம், இதைத் தனித்தனியா வச்சுக்கறியா, ஒண்ணாக்கிடவான்னு. அவன் தனித்தனியாத்தாம்மா வச்சுப்பான். ஒவ்வொரு நாளையும். கர்னல் கேக்காம இருந்தா அவன் துக்கம் தானாக் கரையும். அது நல்லதில்லையா?"

"நல்லதா இருக்கலாம் சார். ஆனா துக்கத்தைக் கரைக்கிற அதே கைதான் அந்தப் பொண்ணோட கால் அடியையும் கரைக்குது. எது எதுன்னு கர்னலுக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரியும். அது அவங்க தலைதானே சார்."

ஆரோக்கியதாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தருக்கு மட்டும். டாக்டர் கையெழுத்து, அவங்க கையெழுத்து ரெண்டும் வேணும். இன்னொண்ணு, ஆலோசனையைப் போட்டா பெருங்கட்டு அணையும். பார்த்தியா?"

பார்த்திருந்தாள். நினைவுகளைக் கட்டுக் கட்டாக மேலே தூக்கி வரும் வசதிதான் பெருங்கட்டு. கட்டாகத் தூக்கும்போது நடுவிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவ முடியாது. ஆலோசனை வேண்டுமென்றால் நினைவுகள் தாள் தாளாகத்தான் வரவேண்டும். எதை நினைவுகூர்ந்தாலும் இரண்டு நொடி தாமதம் ஆகும். வாழ்நாள் முழுக்க.

இதைச் சாரதாமணியிடம் சொல்ல அவளுக்குத் தயக்கமாக இருந்தது. கோ-கோவில் ஒரு நொடி என்பதே பெரிய காலம்.

"பேரைக் கூப்பிட்டா ரெண்டு நொடி கழிச்சுத்தான் யாருன்னு தெரியும் மேடம். எதிர்ல வர்றவங்க நீங்க கண்டுக்கலைன்னு நினைச்சுக்கலாம்."

சாரதாமணி கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார். "ஓடறது நானில்லைங்களே. விசில் ஊதறதுக்கு ஞாபகம் வேண்டாம், கண்ணு போதும். எங்க போடணும் கையெழுத்து?"

கர்னலை மாற்றச் சில்லை நிறுத்தி மறுபடி ஓடவிட வேண்டும். பதினோரு நிமிடம். கோயம்புத்தூர் மருத்துவமனையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வெயில் விழும் அறையில் அது நடந்தது. அந்தப் பதினோரு நிமிடமும் சாரதாமணிக்குக் கடந்த மூன்று வருடம் இல்லை. புதிதாக எதுவும் தங்கவுமில்லை. கட்டிலில் உட்கார்ந்து தமயந்தியைப் பார்த்து, பக்கத்திலிருந்த கணவரிடம் கேட்டார்.

"ஏனுங்க, இந்தப் பிள்ளை யாரு?"

"டாக்டரம்மா," என்றார் திருமூர்த்தி.

ஒரு நிமிடம் கழித்து மறுபடி. "ஏனுங்க, இந்தப் பிள்ளை யாரு?"

"ஆழியாறுல மீன் வறுக்கறவங்க."

"இத்தனை சின்னப் பிள்ளையா இருக்குது!" சாரதாமணி சிரித்தார். இன்னொரு நிமிடம். மறுபடி அதே கேள்வி.

"நம்ம பேக்கரியை விலைக்குக் கேட்டு வந்திருக்காங்க. முடியாதுன்னுட்டேன்."

தமயந்தி திரையில் ஓடும் எண்களைப் பார்க்க வேண்டும். ஆனால் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து எண்கள் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பதில், ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவுக்குப் புதுச் சிரிப்பு. திருமூர்த்தியின் கை மட்டும் கட்டிலின் கம்பியை விடாமல் பிடித்திருந்தது. எட்டாவது தடவைக்கு அவர் கப்பல் கேப்டன் என்றபோது, சாரதாமணி பதில் பேசவில்லை. ஒரு நொடி. இரண்டு நொடி.

"தமயந்தி மேடத்தைப் போய்க் கப்பல் கேப்டன்னு சொல்றீங்களே, உங்களுக்கு வேற வேலை இல்லீங்களா?"

திருமூர்த்தி எழுந்து வெளியே போய், முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்குச் சாரதாமணியின் போனில் ஒரு சின்னப் பட்டியல் வரும். இன்றைய இந்தப் பொழுது முன்பு ஒரு பொழுதைப் போல இருக்கிறது, ஒன்றாக்கலாமா? அவர் வேண்டும், வேண்டாம் என்று தொட்டுவிட்டுப் போவார். மைதானத்தில் நடந்தது எதையும் சேர்க்க விடவில்லை. பல் தேய்த்தது, பஸ்ஸுக்கு நின்றது, மாதாந்திர மீட்டிங் எல்லாவற்றையும் யோசிக்காமல் ஒன்றாக்கினார்.

முதல் செவ்வாய்க்கிழமை ஆழியாற்றிலிருந்து திரும்பியதும், அவர் வேண்டாம் என்று தொடுவதைத் திருமூர்த்தி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். இரண்டாவது செவ்வாயும் அப்படியே. மூன்றாவது செவ்வாய் சாரதாமணி அவர் கண் முன்னாலேயே, ஒன்றாக்க வேண்டும் என்று தொட்டார்.

"ஏன் சாரதா?" திருமூர்த்தி பதறிவிட்டார்.

"போன வாரம் போன மாதிரியேதானுங்க இருந்துச்சு. அதே மீனு, அதே மேசை. வேணும்னா அடுத்த வாரம் வேற எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க."

அடுத்த செவ்வாய் ஸ்கூட்டர் வால்பாறை ஏறியது. அதற்கடுத்த வாரம் பாலக்காடு. தமயந்திக்குப் போன் செய்து திருமூர்த்தி அலுத்துக்கொண்டார். "அம்மிணி, உங்க கர்னலு என்னைத் தமிழ்நாடு, கேரளா பூராச் சுத்த வைக்குது." குரலில் அலுப்பு துளிகூட இல்லை.

மாவட்டப் போட்டி பொள்ளாச்சியில் ஒரு சனிக்கிழமை. தமயந்தி வந்திருந்தாள். கூப்பிடாமலே ஆரோக்கியதாஸும் வந்திருந்தார். திருமூர்த்தி கொண்டுவந்த பப்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். கிணத்துக்கடவு அணி இறுதிப் போட்டிக்கு வந்திருந்தது. எதிரணி போன வருடமும் கோப்பை வாங்கிய அணி.

கடைசிச் சுற்றுக்கு யாரை இறக்குவது என்பதில் தலைமை ஆசிரியைக்குச் சந்தேகம். "பவதாரணி ரொம்பச் சின்னப் பொண்ணு மிஸ். பத்தாவது படிக்கிற பிள்ளைங்க இருக்கறப்போ..."

சாரதாமணி நிமிர்ந்தார். பேசவில்லை. வட்டமாக நின்ற பெண்கள் பழகிப்போன குறும்போடு ஒரே குரலில் எண்ணினார்கள். "ஒண்ணு... ரெண்டு..."

"மொதல் திங்கக்கிழமை கம்பத்துக்கு ஒரு கை தள்ளி விழுந்தா," என்று ஆரம்பித்தார் சாரதாமணி. "புதன்கிழமை ஒரு சாண். வெள்ளிக்கிழமை முழங்கை சிராய்ச்சு, பயந்துக்கிட்டு டைவே அடிக்கல. அடுத்த செவ்வாய் அந்தப் பயம் போயிருச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் எடது காலை ஒரு நூலு முன்னால வெச்சா. முந்தாநேத்து கம்பத்துல உரசாமச் சுத்தினா. இருபத்தெட்டு நாளுங்க மேடம். ஒவ்வொண்ணும் என் கண்ணு முன்னால நிக்குது. இன்னைக்கு அவ விழுற எடத்தை நான் இங்கிருந்தே கோடு போட்டுக் காட்டுவேன்."

தலைமை ஆசிரியை பவதாரணியைப் பார்த்தார். "இறங்கு."

பவதாரணி இறங்கினாள். முதல் டைவில் ஒருத்தி. இரண்டு நிமிடம் கழித்து இன்னொருத்தி. மைதானமே எழுந்து நின்றது. ஆரோக்கியதாஸின் மடியிலிருந்த பெட்டி சரிந்து பப்ஸ் புழுதியில் உருண்டது. அவர் கவனிக்கவேயில்லை, "கோ! கோ!" என்று கத்திக்கொண்டிருந்தார். மூன்றாவது டைவுக்கு அவள் பாய்ந்தாள். விரல் நுனி ஓடுகிறவளின் சட்டை விளிம்பைத் தொடும் நேரத்தில் நடுவரின் நீண்ட விசில். நேரம் முடிந்துவிட்டது.

ஒரே ஒரு பாயின்ட்டில் தோற்றார்கள்.

பவதாரணி புழுதியிலேயே படுத்து அழுதாள். சாரதாமணி ஓடிப்போய் அவளை அள்ளித் தூக்கிச் சுற்றினார். அவர் முகத்தைப் பார்த்த எதிரணி, ஜெயித்தது தாங்கள்தானா என்று ஸ்கோர் போர்டை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டது. தலைமை ஆசிரியை கத்திக் கத்திக் கம்மிப்போன குரலில், "அடுத்த வருசத்துக்கும் லிஸ்டு நீங்களே போட்டுருங்க மிஸ்," என்றார்.

சுவரிலிருந்து இறங்கிய ஆரோக்கியதாஸ் கால்சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"தமயந்தி, நாலாயிரம் பேருக்கும் அந்த வரி தெரியட்டும். போடறதும் விடறதும் அவங்க இஷ்டம். தாமதமாகும்கறதையும் தெளிவா எழுதிடு."

"நிபுணர் ஸ்விட்ச் போட்டாத்தான சார் அது தெரியும்?"

"அதைத்தான் யோசிச்சேன். நிபுணர்னு யாரை நினைச்சு எழுதினோம்னே தெரியல." அந்தப் பெரிய மனிதர் வெட்கப்பட்டது அவளுக்குத் தெரிந்தது. "பேரை மாத்திடு. உரியவர்னு போடு."

கிணத்துக்கடவுக்குத் திரும்பும் வேனில் எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். ஆரோக்கியதாஸ்கூட, தன் காரை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, பெண்களுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார். ஆறரை மணிக்குச் சாரதாமணியின் போன் அதிர்ந்தது. பக்கத்திலிருந்த தமயந்தி அதை வாங்கிச் சத்தமாகப் படித்தாள்.

"இன்றைய இறுதிப் போட்டியும் சென்ற ஆண்டு இறுதிப் போட்டியும் எண்பத்து மூன்று பங்கு ஒத்திருக்கின்றன. அதே மைதானம், அதே எதிரணி, அதே தோல்வி. ஒன்றாக்கலாமா?"

பெண்கள் சீட்டுகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். சாரதாமணி யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எப்படிங்க ஒண்ணாகும்? போன வருசம் பவதாரணியே கிடையாதே!"

வேண்டாம் என்று அழுத்தித் தொட்டார். போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, சீட்டில் திரும்பி உட்கார்ந்து, அன்றைய ஆட்டத்தை டாஸ் போட்டதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். யார் எந்தக் கம்பத்தில் எப்படித் திரும்பினாள், யாருடைய ஷூ லேஸ் எப்போது அவிழ்ந்தது, எந்த நேரத்தில் ஹெச்.எம். எழுந்து நின்றார் என்று ஒன்று விடாமல் சொன்னார். அந்த வேனில் ஆட்டத்தைப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை. இருந்தும் யாரும் அவரை நிறுத்தவில்லை. வேன் கிணத்துக்கடவு பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியபோது அவர் இன்னும் முதல் பாதியில்தான் இருந்தார்.